கேட்டால் சொல்கிறோம்: கூட்டினால் ஆறு, கேட்டால் பன்னிரண்டு

சி மொழியில் ஸ்ட்ரக்சரின் (பல வகைத் தரவுகளை உறுப்புகளாக ஒன்றாகக் கட்டும் வகை) அளவு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில்தான் அச்சிடுகிறோம். கணினியில் அடிக்கும்போது ஸ்ட்ரக்ட், சார், இன்ட், சைஸ்ஆஃப் போன்ற மொழிச் சொற்களை ஆங்கிலத்தில் அடியுங்கள். உறுப்புப் பெயர்களைத் தமிழிலேயே விட்டாலும் ஜிசிசி கம்பைலரின் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) 10 முதலான பதிப்புகள் ஏற்றுக்கொள்ளும்.

பள்ளத்தூர் கல்லூரி மாணவி: ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு இருப்புக் கணக்கு எழுதுவதாக ஒரு பயிற்சி. அதற்காக நான் எழுதிய ஸ்ட்ரக்சர் இது:

ஸ்ட்ரக்ட் கல் {
    சார் தரம்;
    இன்ட் எண்ணிக்கை;
    சார் நிறம்;
};

லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலர் இதன் அளவு 4 என்கிறது. வீட்டில் ஜிசிசி 12 என்கிறது. 1, 4, 1 என்று நானே கூட்டினால் 6 வருகிறது. இதில் எது சரி?

4 சரி, 12ம் சரி. உங்கள் 6 கூட்டலாகச் சரி, விடையாகத் தப்பு.

சார் என்றால் 1 பைட் என்பதைத் தவிர வேறு எந்த அடிப்படை வகைக்கும் சி மொழி ஒரே அளவை விதிக்கவில்லை. இன்ட் என்பது 16 பிட் டர்போ சியில் 2 பைட், இன்றைய ஜிசிசியில் 4 பைட். டர்போ சி தானாக இடைவெளி எதுவும் விடாது, உறுப்புகளை ஒட்டி ஒட்டி வைக்கும். ஆகவே 1 + 2 + 1 = 4. லேப் கணக்கு அதோடு முடிந்தது.

ஜிசிசி அப்படி ஒட்டி வைக்காது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் அலைன்மென்ட் உண்டு, அதாவது அது எந்த எண்ணின் மடங்கில் தொடங்கலாம் என்கிற கட்டுப்பாடு. 64 பிட் லினக்ஸில் சார் 1, ஷார்ட் 2, இன்டும் ஃப்ளோட்டும் 4, டபுள், லாங், பாயின்டர் (மெமரி முகவரியை வைக்கும் வகை) மூன்றும் 8. முதல் உறுப்பு எப்போதும் பூஜ்யத்தில் தொடங்கும். அடுத்தடுத்த உறுப்பு, நீங்கள் எழுதிய வரிசையிலேயே, தன் அலைன்மென்டின் மடங்காக வருகிற முதல் இடத்தில் உட்காரும். கடைசியில் மொத்த அளவு, உறுப்புகளில் மிகப் பெரிய அலைன்மென்டின் மடங்காக மேல்நோக்கி நிமிர்த்தப்படும்.

இதை உங்கள் கல்லுக்குப் போட்டுப் பாருங்கள். தரம் 0ஆம் பைட்டில். எண்ணிக்கை 1இல் தொடங்க முடியாது, 4இல்தான் தொடங்கும், ஆகவே 1, 2, 3 மூன்றும் வெற்றிடம். எண்ணிக்கை 4 முதல் 7 வரை. நிறம் 8இல். இதுவரை 9 பைட். பெரிய அலைன்மென்ட் 4, 9க்கு அடுத்த மடங்கு 12. நடுவில் 3, வாலில் 3, ஆக 6 பைட் வீண். இந்த வீண் இடத்துக்குப் பெயர்தான் பேடிங்.

ஏன் இந்த ஊதாரித்தனம்? ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூ ஒரே கல்லுக்குள் அடங்கினால் ஒரு கல்லைப் பெயர்த்தால் பூ கைக்கு வரும். பாதி இந்தக் கல்லிலும் பாதி அடுத்த கல்லிலும் விழுந்தால் இரண்டையும் பெயர்த்து ஒட்ட வேண்டும். பிராசசர் மெமரியைக் கல் கல்லாகத்தான் எடுக்கிறது. எல்லை தாண்டிக் கிடக்கும் இன்ட்டை இன்டெல் பிராசசர் பொறுத்துக்கொண்டு எடுத்துத் தரும். சில சிறிய பிராசசர்கள் எடுக்கவே மறுத்து நிரலை நிறுத்திவிடும்.

வாலில் ஏன் 3 பைட் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கல் வகையில் நூறு கொண்ட அர்ரே அறிவித்தால் இரண்டாவது கல், முதலாவதை ஒட்டியே தொடங்க வேண்டும். அளவு 9 என்று விட்டால் இரண்டாவது கல்லின் எண்ணிக்கை 9 + 4 = 13இல் விழும், அது 4இன் மடங்கு இல்லை. 12 என்றால் 16இல் விழும்.

ஊகிக்காமல் கம்பைலரிடமே கேட்க இரண்டு கருவிகள் உண்டு. மொத்த அளவுக்கு சைஸ்ஆஃப்(ஸ்ட்ரக்ட் கல்). ஓர் உறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஆஃப்செட்ஆஃப்(ஸ்ட்ரக்ட் கல், எண்ணிக்கை), இதற்கு எஸ்டிடிடெஃப் ஹெடர் வேண்டும். இரண்டும் சைஸ்_டி வகையைத் தருவதால் ஜிசிசியில் %இசட்யூ போட்டு அச்சிடுங்கள், டர்போ சியில் %யூ போதும். விண்டோஸில் பழைய மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) வைத்திருப்பவர்களுக்கு எண்ணுக்குப் பதில் "இசட்யூ" என்ற எழுத்துகளே திரையில் வரும். அப்படி வந்தால் மதிப்பை அன்சைன்ட் லாங் ஆக மாற்றி %எல்யூ போடுங்கள்.

இன்னொன்று. டர்போ சியில் ஆப்ஷன்ஸ், கம்பைலர், கோட் ஜெனரேஷன் என்று போனால் வேர்ட் அலைன்மென்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்வு செய்துவிட்டு ஓட்டினால் உங்கள் 6 வந்து நிற்கும்! தரம் 0, எண்ணிக்கை 2 முதல் 3, நிறம் 4, வாலில் 1. கூட்டல் சரி என்று மகிழ வேண்டாம், அது வேறு வழியாக வந்த 6. தேர்வில் எந்தக் கம்பைலர், எந்த அலைன்மென்ட் என்று ஒரு வரி எழுதிவிட்டு விடையை எழுதுங்கள். வெறும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

கோட்டையூர் வாசகர்: ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் அளவு மட்டும் வேண்டும். அதற்காக ஒரு மாறியை அறிவித்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

சைஸ்ஆஃப்( ((ஸ்ட்ரக்ட் கல் *)0)->எண்ணிக்கை )

பூஜ்ய முகவரியைத் தொடுகிறதே, நிரல் விழுந்துவிடாதா என்று பதற வேண்டாம். சைஸ்ஆஃப் தனக்குள் இருக்கும் கோவையை ஓட்டுவதில்லை, வகையை மட்டும் பார்க்கிறது. விடை கம்பைல் ஆகும்போதே எண்ணாகிவிடும். ஓடும்போது அளவு தீர்மானமாகும் அர்ரேக்கள் மட்டும் இதற்கு விலக்கு. இதே காரணத்தால்தான் சைஸ்ஆஃப்(ஐ++) என்று எழுதினால் ஐயின் மதிப்பு ஏறாது.

அடிக்கடி தேவைப்பட்டால் வகையையும் உறுப்பையும் வாங்கிக்கொள்ளும் மேக்ரோவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னலிலும் சைஸ்ஆஃப்_ஃபீல்ட் என்ற பெயரில் இதே மேக்ரோதான் இருக்கிறது. உறுப்பு சார் பெயர்[32] போன்ற அர்ரே என்றால் 32 முழுதாகக் கிடைக்கும். அதை நேரடியாக ஸ்ட்ரிங்கைப் படியெடுக்கும் எல்லையாகப் பயன்படுத்தலாம், 32 என்ற எண்ணை நாலு இடத்தில் எழுதி ஒரு இடத்தில் மாற்ற மறக்கும் வேலை மிச்சம்.

ஓர் உறுப்புக்கும் அடுத்த உறுப்புக்கும் உள்ள ஆஃப்செட் வித்தியாசத்தை அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பேடிங்கும் சேர்ந்திருக்கும். மேலே உள்ள கல்லில் தரத்துக்கும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் 4, தரத்தின் அளவோ 1.

குன்றக்குடி மாணவர்: கல் வகைக்கு ஒரு பாயின்டர் பி. பி = மேலக்(சைஸ்ஆஃப்(பி)) என்று இடம் வாங்கினேன். சில சமயம் ஓடுகிறது, சில சமயம் விழுகிறது.

நீங்கள் வாங்கியது பாயின்டரின் அளவு, 8 பைட். தேவை 12. மிச்ச 4 பைட் அடுத்தவர் மனையில் எழுதப்படுகிறது. மேலக் கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாக ஒதுக்குவது வழக்கம் என்பதால் சில நாள் தப்பித்தீர்கள். பி = மேலக்(என் * சைஸ்ஆஃப் *பி) என்று எழுதப் பழகுங்கள், இதில் என் என்பது எத்தனை கல் வேண்டும் என்ற எண். நாளை பியின் வகை மாறினாலும் இந்த வரியைத் தொட வேண்டாம். கோவைக்கு அடைப்புக்குறி அவசியமில்லை, வகைப் பெயருக்குத்தான் அவசியம். அர்ரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ளே சைஸ்ஆஃப் கேட்டாலும் இதே 8தான் வரும். எண்ணிக்கையைத் தனியாக அனுப்புங்கள்.

காரைக்குடி வாசகர்: கண்டாங்கிச் சேலைக் கடைக்கு பில்லிங் நிரல் எழுதுகிறேன். ஒரு சேலைக்கு இந்த ஸ்ட்ரக்சர்: சார் நிறம், டபுள் விலை, சார் கரை, இன்ட் இருப்பு, சார் தரம், சார் *பெயர். கணக்குப்படி 23 பைட், கம்பைலர் 40 என்கிறது. குறைக்க வழி உண்டா?

உண்டு, வரிசையை மாற்றினால் போதும். முதலில் 40 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். நிறம் 0. 1 முதல் 7 வரை வெற்றிடம். விலை 8 முதல் 15. கரை 16. 17 முதல் 19 வெற்றிடம். இருப்பு 20 முதல் 23. தரம் 24. 25 முதல் 31 வெற்றிடம். பெயர் 32 முதல் 39. வெற்றிடம் மொத்தம் 7 + 3 + 7 = 17.

கட்டி முடித்த வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசை மாறாது, இல்லையா? சி கம்பைலரும் உங்கள் வரைபடத்தின் வரிசையைத் தானாக மாற்றாது, மாற்ற அதற்கு அனுமதியும் இல்லை. மாற்ற வேண்டியவர் நீங்கள்தான். பெரிய அலைன்மென்ட் உள்ளதை முன்னால் வைத்துச் சிறியதைப் பின்னால் தள்ளுங்கள்: விலை, பெயர், இருப்பு, நிறம், கரை, தரம். இப்போது 0, 8, 16, 20, 21, 22. மொத்தம் 23, நிமிர்த்தினால் 24. வீண் 1 பைட் மட்டும்.

ஒரு லட்சம் பதிவுகளை மெமரியில் வைத்தால் 40 லட்சம் பைட் 24 லட்சமாகும். அதைவிடப் பெரிய லாபம் கேஷில் (பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள வேகமான சிறு மெமரி): 64 பைட் கேஷ் வரியில் முன்பு ஒரு பதிவும் அடுத்ததில் பாதியும் வந்தது, இப்போது இரண்டு முழுப் பதிவும் மிச்சமும் வரும். ஆனால் உங்கள் கடையில் இரண்டாயிரம் சேலைதான் என்றால் 80,000 பைட்டுக்கும் 48,000 பைட்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அப்போது படிப்பதற்கு எந்த வரிசை வசதியோ அதையே வையுங்கள்.

மாற்றுமுன் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே இந்த ஸ்ட்ரக்சரை எஃப்ரைட் மூலம் அப்படியே ஃபைலில் எழுதி வைத்திருந்தால், வரிசையை மாற்றிய மறுநாள் பழைய ஃபைல் குப்பையாக வாசிக்கப்படும். இன்னும் ஒரு கோளாறு அதில் இருக்கிறது: உங்கள் ஸ்ட்ரக்சரில் பெயர் ஒரு பாயின்டர். ஃபைலில் எழுதப்பட்டது பெயர் இல்லை, அந்த நேரத்து முகவரி. அதைத் திரும்பப் படித்து ஒரு பயனும் இல்லை. 32 பிட் லினக்ஸில் கம்பைல் செய்தால் உங்கள் பழைய ஸ்ட்ரக்சரின் அளவு 40 அல்ல, 28. அங்கே பாயின்டர் 4 பைட், டபுளுக்கும் ஸ்ட்ரக்சருக்குள் 4இன் மடங்கு போதும். ஆகவே ஃபைலுக்கு எழுத உறுப்பு உறுப்பாக எழுதும் ஒரு ஃபங்ஷன் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எளிய சிஎஸ்வி ஃபைலாகவே எழுதுங்கள்.

கையால் எண்ணச் சலிப்பாக இருந்தால் லினக்ஸில் பாஹோல் என்ற கருவி இருக்கிறது, ட்வார்வ்ஸ் தொகுப்பில் வரும். நிரலை -ஜி சேர்த்துக் கம்பைல் செய்து, கிடைத்த ஃபைலைப் பாஹோலுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பின் ஆஃப்செட், அளவு, நடுவில் உள்ள ஓட்டை எல்லாம் அச்சிடும். ஸ்ட்ரக்சரை அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தாமல் விட்டால் அது பட்டியலில் வராது, ஒரு மாறியாவது அறிவித்துப் பயன்படுத்துங்கள். ஜிசிசிக்கு -டபிள்யூபேடட் கொடுத்தால் பேடிங் விழும் ஒவ்வோர் இடத்திலும் எச்சரிக்கும். கூடவே ஹெடர் ஃபைல்களைப் பற்றியும் புலம்பித் தள்ளும் என்பதால் எப்போதும் போட்டு வைக்க உகந்ததில்லை.

கானாடுகாத்தான் வாசகர்: பழைய வீடுகளின் படங்களை பிஎம்பி ஃபைலாக வைத்திருக்கிறேன். தலைப்பை (ஃபைலின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதி) எஃப்ரீட் மூலம் ஒரு ஸ்ட்ரக்சருக்குள் படிக்கிறேன். முதல் இரண்டு எழுத்து பி, எம் என்று சரியாக வருகிறது. படத் தரவு தொடங்கும் இடம் மட்டும் 26,21,440 என்று வருகிறது. ஃபைலே அவ்வளவு பெரிதில்லை.

ஃபைலில் குற்றமில்லை. பிஎம்பி தலைப்பு மொத்தம் 14 பைட்: அடையாளம் 2, ஃபைல் அளவு 4, ஒதுக்கிய இடங்கள் 2, 2, தரவு தொடங்கும் இடம் 4. இதை ஸ்ட்ரக்சராக எழுதினால் அடையாளத்துக்குப் பின் 2 பைட் பேடிங் விழுந்து அளவு 16 ஆகிறது. அடையாளம் பூஜ்யத்தில் இருப்பதால் அது மட்டும் தப்பித்தது, அதனால்தான் ஏமாந்தீர்கள்.

அந்த 26,21,440 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சந்தேகம் தீரும். தரவு தொடங்கும் இடம் ஃபைலில் 10 முதல் 13 வரை, வழக்கமான 24 பிட் படத்தில் 54, 0, 0, 0. அதை ஒட்டி 14இல் இரண்டாவது தலைப்பின் அளவு 40, 0, 0, 0. உங்கள் ஸ்ட்ரக்சரில் கடைசி உறுப்பு 12இல் இருப்பதால் ஃபைலின் 12, 13, 14, 15ஐ எடுத்துக்கொண்டது: 0, 0, 40, 0. அதாவது 40 × 65,536 = 26,21,440. இதோடு 16 பைட் படித்துவிட்டதால் இரண்டாவது தலைப்பும் 2 பைட் நகர்ந்துவிடும், அகலமும் உயரமும் அபத்தமாக வரும்.

குறுக்கு வழி, ஸ்ட்ரக்சருக்கு முன் #ப்ராக்மா பேக்(புஷ், 1), பின் #ப்ராக்மா பேக்(பாப்). பேடிங் விடாமல் நெருக்கி வை என்ற இந்தக் கட்டளையை ஜிசிசி, மைக்ரோசாஃப்ட் கம்பைலர் இரண்டும் புரிந்துகொள்ளும். பாப் போட மறந்தால் அதன் கீழே வரும் எல்லா ஸ்ட்ரக்சரும் நெருக்கப்படும். அது ஒரு ஹெடர் ஃபைலின் கடைசியில் மறந்துபோனால், அந்த ஹெடரைச் சேர்த்த நிரலுக்கும் சேர்க்காத நிரலுக்கும் ஒரே ஸ்ட்ரக்சர் இரண்டு அளவில் இருக்கும். கண்டுபிடிக்க நாள் கணக்காகும். உறுப்புகளுக்கு இன்ட், லாங் என்று எழுதாமல் எஸ்டிடிஇன்ட் ஹெடரில் உள்ள யூஇன்ட்16_டி, யூஇன்ட்32_டி எழுதுங்கள். லாங் என்பது 64 பிட் விண்டோஸில் 4, 64 பிட் லினக்ஸில் 8.

நெருக்கிய ஸ்ட்ரக்சரின் உறுப்புக்கு முகவரி எடுத்து வேறு ஃபங்ஷனுக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஃபங்ஷனுக்கு அது சரியாக அலைன் ஆகாத முகவரி என்று தெரியாது. உங்கள் மேசைக் கணினியில் ஓடிவிடும். கார்டெக்ஸ் எம்0 போன்ற சிப்பில் ஹார்ட் ஃபால்ட் ஆகி நிற்கும். கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தந்தால் அதைக் கடந்து போக வேண்டாம். மதிப்பைச் சாதாரண மாறியில் எடுத்துக்கொண்டு அதன் முகவரியை அனுப்பலாம்.

நமக்குப் பிடித்த வழி, 14 பைட்டை வெறும் அன்சைன்ட் சார் அர்ரேயில் படித்து, 10ஆம் இடத்திலிருந்து நாலு பைட்டைக் கையால் சேர்ப்பது. நாலு வரி கூடுதல், எந்தக் கம்பைலரிலும் மாறாது. பேக்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சருக்குக் கீழே ஒரு காவல் வரி போடுங்கள்:

_ஸ்டாடிக்_அசர்ட்(சைஸ்ஆஃப்(ஸ்ட்ரக்ட் தலைப்பு) == 14, "தலைப்பு 14 பைட் இல்லை");

சி11 முதல் இது உண்டு. அளவு மாறினால் கம்பைலே ஆகாது. இதை #இஃப் கொண்டு செய்யப் பார்த்தால் நடக்காது. ப்ரீப்ராசசர் (கம்பைலுக்கு முன் # வரிகளைக் கையாளும் பகுதி) ஓடும் நேரத்தில் வகைகளே இல்லை, அதற்கு சைஸ்ஆஃப் என்றால் என்னவென்று தெரியாது.

புதுவயல் வாசகர்: அரிசி ஆலைக்கு மூட்டை எடை எடுக்கும் கருவி செய்கிறேன். ஆர்டுயினோ ஊனோ எடையை எடுத்து சீரியல் வழியாக இஎஸ்பி32க்கு அனுப்புகிறது (இரண்டும் நிரல் ஏற்றும் சிறு மின்னணுப் பலகைகள்). இரண்டிலும் ஒரே ஸ்ட்ரக்சர்: சார் வகை, ஃப்ளோட் எடை, இன்ட் வரிசைஎண். முழு ஸ்ட்ரக்சரையும் சைஸ்ஆஃப் அளவுக்கு அனுப்பி, மறுபுறம் அதே சைஸ்ஆஃப் அளவுக்கு வாங்குகிறேன். எடை தாறுமாறாக வருகிறது.

எழுத்தில் ஒரே ஸ்ட்ரக்சர், மெமரியில் இரண்டு. ஊனோவில் 8 பிட் சிப். அங்கே அலைன்மென்ட் எல்லாமே 1, இன்ட் 2 பைட். ஆகவே 1 + 4 + 2 = 7. இஎஸ்பி32இல் வகை 0, எடை 4, வரிசைஎண் 8, மொத்தம் 12. ஊனோ 7 அனுப்ப, மறுபுறம் 12 வரும்வரை காத்திருந்து அடுத்த மூட்டையின் 5 பைட்டையும் சேர்த்து விழுங்குகிறது. முதல் மூட்டையிலேயே ஒழுங்கு குலைந்துவிடும்.

இரண்டு பக்கமும் பேக் போட்டாலும் 7க்கு 9 என்று நிற்கும், இன்ட் அளவு வேறு அல்லவா. இன்ட்டை இன்ட்16_டி ஆக்கினால் இரண்டிலும் 7 ஆகி வேலை செய்யும். ஃப்ளோட் இரண்டிலும் 4தான், பைட் வரிசையும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நாளைக்கு யாராவது ஃப்ளோட்டை டபுளாக மாற்றினால் ஊனோவில் 4, அங்கே 8. ஆலையில் வைக்கும் கருவிக்கு இப்படித் தொங்கலில் விடுவது சரியில்லை. பைட் பைட்டாக அனுப்புங்கள்.

எடையைக் கிராமில் முழு எண்ணாக வையுங்கள், யூஇன்ட்32_டி. 16 பிட் போதாது: 75 கிலோ மூட்டை 75,000 கிராம், 16 பிட்டின் எல்லை 65,535. ஒரு செய்திக்கு 9 பைட் போதும். 0ஆம் இடத்தில் தொடக்க அடையாளம் 170. 1இல் வகை. 2 முதல் 5 வரை எடை, சிறிய பைட் முதலில். 6, 7இல் வரிசைஎண். 8இல் சரிபார்ப்பு: 1 முதல் 7 வரை உள்ள பைட்டுகளின் கூட்டலில் கீழ் 8 பிட்.

அனுப்பும்போது பி[2] = எடை & 255; பி[3] = (எடை >> 8) & 255; இதேபோல் 16, 24. வாங்கும்போது ஒவ்வொரு பைட்டையும் முதலில் யூஇன்ட்32_டி ஆக மாற்றிவிட்டு 8, 16, 24 பிட் நகர்த்தி அல்லது-குறியால் சேருங்கள். மாற்றாமல் நகர்த்தினால் பைட் இன்ட்டாகத்தான் கணக்கில் வரும். ஊனோ வாங்கும் பக்கமாக இருக்கும்போது அது 16 பிட், 16 இடம் நகர்த்தினால் விடைக்கு உத்தரவாதமே இல்லை.

75,000 கிராமை அனுப்பிச் சோதியுங்கள். எடையின் நாலு பைட்டும் 248, 36, 1, 0 என்ற வரிசையில் போக வேண்டும். தரவுக்குள்ளும் 170 வரலாம் என்பதால் அடையாளத்தை மட்டும் நம்பாமல் சரிபார்ப்புப் பைட்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் 9 பைட்டையும் தூக்கி எறியாமல், அவற்றுக்குள்ளேயே அடுத்த 170ஐத் தேடி அங்கிருந்து தொடருங்கள்.

கேட்காத ஒன்று: ஊனோவின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) 5 வோல்ட், இஎஸ்பி32 பின் 3.3 வோல்ட். நேராக இணைத்திருந்தால் இன்றே நடுவில் 1 கே, தரைக்கு 2 கே ரெசிஸ்டர் போடுங்கள். 3.33 வோல்ட்டாக இறங்கும்.

தேவகோட்டை வாசகி: இரண்டு ஸ்ட்ரக்சரிலும் எல்லா உறுப்பும் சமம். மெமரியைப் பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப் மட்டும் வேறு என்கிறது.

பேடிங்கில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து ஒப்பிடுகிறது. அந்த பைட்டுகளில் என்ன இருக்கும் என்று மொழி உறுதி தருவதில்லை. முதலில் மெம்செட் போட்டுப் பூஜ்யமாக்கினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் பிறகு ஓர் உறுப்பில் எழுதும்போதே பேடிங் மாற கம்பைலருக்கு அனுமதி உண்டு. உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் ஃபங்ஷன் எழுதுவதே வழி.

கண்டனூர் மாணவர்: கடைசி உறுப்பை டபுள் அளவுகள்[] என்று எண் கொடுக்காமல் விட்டால் சைஸ்ஆஃப் என்ன தரும்? முதல் உறுப்பு இன்ட் எண்ணிக்கை.

64 பிட்டில் 8. அர்ரே கணக்கில் வராது, ஆனால் அது 8இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் இன்ட்டுக்குப் பின் 4 பைட் பேடிங் கணக்கில் வரும். இடம் வாங்க சைஸ்ஆஃப்(ஸ்ட்ரக்ட்) + என் * சைஸ்ஆஃப்(டபுள்). சி99 முதல் இது முறையான வழி. பழைய நிரல்களில் [1] என்று எழுதியிருப்பார்கள், அங்கே ஓர் இடம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் என் - 1 போட வேண்டும். இப்படிப்பட்ட ஸ்ட்ரக்சரை அ = ஆ என்று படியெடுத்தால் அர்ரேயின் உள்ளடக்கம் வரும் என்று நம்ப முடியாது. மெம்கப்பி செய்யுங்கள். சைஸ்ஆஃப் இங்கே உங்கள் என் எவ்வளவு என்று ஒருபோதும் சொல்லாது, அதற்காகத்தான் எண்ணிக்கை என்ற உறுப்பு.

அரியக்குடி வாசகர்: பிட் ஃபீல்டுக்கு (இத்தனை பிட் போதும் என்று அறிவிக்கும் உறுப்பு) சைஸ்ஆஃப் கேட்டால் பிழை வருகிறது.

வரத்தான் செய்யும். பிட் ஃபீல்டுக்கு முகவரி கிடையாது, பைட் அளவும் கிடையாது, ஆஃப்செட்ஆஃப்பும் வேலை செய்யாது. மொத்த ஸ்ட்ரக்சரின் அளவைக் கேட்கலாம், அதுவும் கம்பைலருக்குக் கம்பைலர் மாறும்: சார் அ:4, இன்ட் ஆ:4, என்பதற்கு ஜிசிசி லினக்ஸில் 4 தரும், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் வகை மாறினால் புதிய இடம் தொடங்குவதால் 8 தரும். ஃபைலுக்கோ கம்பிக்கோ போகும் தரவில் பிட் ஃபீல்ட் வேண்டாம்.

காரைக்குடி, வேலை தேடும் வாசகர்: சைஸ்ஆஃப் இல்லாமல் ஸ்ட்ரக்சரின் அளவைக் கண்டுபிடி என்று நேர்முகத்தில் கேட்கிறார்களே?

கேட்கத்தான் செய்கிறார்கள், வேலையில் சேர்ந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மாறி எக்ஸ் அறிவித்து, (சார் *)(&எக்ஸ் + 1) - (சார் *)&எக்ஸ் என்று எழுதுங்கள். அடுத்த எக்ஸ் எங்கே தொடங்குமோ அதுவரை உள்ள தூரம், பேடிங்கோடு. சார் பாயின்டராக மாற்றாமல் கழித்தால் 1 வரும், இங்கேதான் பலர் தடுக்குகிறார்கள். பூஜ்ய பாயின்டரோடு 1 கூட்டும் வித்தையும் புழக்கத்தில் உண்டு, விடை வரும், ஆனால் மொழி விதிப்படி அது செல்லாது. அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.